திருக்கடையூர் வழியா ஓடின ரயிலுக்கு வயசு அறுபது

நெய்வேலிக்காரங்ககிட்ட "உங்க ஊர்ல பழைய கட்டிடம் என்ன இருக்கு?"ன்னு கேட்டா கொஞ்சம் முழிப்போம். கோயில் கோபுரம், அரண்மனை, அக்ரஹாரம் எதுவும் எங்ககிட்ட கிடையாது. ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கருப்பா ஏதோ வந்ததுல ஆரம்பிச்ச கதை இது. 1956 நவம்பர் 14ல கார்ப்பரேஷன் உருவாச்சு, 1957 மே 20ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார், 1962ல முதல் அனல் மின் நிலையம் கரண்ட் கொடுக்க ஆரம்பிச்சது. எங்க ஊர் 'புராணம்' அவ்வளவுதான். ரஷ்ய உதவியோட கட்டின அந்த 600 மெகாவாட் நிலையம்தான் எங்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் மாதிரி. அதையும் 2020 செப்டம்பர் 30ஓட நிறுத்திட்டாங்க. ஒரு காலத்துல தமிழ்நாடு பூரா அடுப்புல எரிஞ்ச லெக்கோ கரியும் போச்சு, உர ஆலையும் போச்சு.

அதனால எனக்கு ஒரு வினோத ஆர்வம். எந்தக் காரணத்துக்காக ஒரு ஊர் உருவாச்சோ, அந்தக் காரணம் போனபிறகு அந்த ஊர் என்ன ஆகும்? இதைப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. சிதம்பரம், சீர்காழி தாண்டி கடற்கரையோரமா இறங்கினா தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க கோட்டை, சீகன்பால்கு அச்சுக்கூடம் இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நான் சொல்லவந்தது அந்த ஊருக்குப் போன ரயிலைப் பத்தி. ஆமாங்க, தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிச்சு! மாயவரத்துலேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். 1926ல வந்தது, 1986ல போயிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. சரியா அறுபது. அந்தப் பாதை போன ஊர்கள்ல ஒண்ணு திருக்கடையூர். ஊர் உலகமெல்லாம் அங்கே வந்துதான் அறுபதாம் கல்யாணம் பண்ணிக்குது. அந்த ஊர் வழியா ஓடின ரயிலுக்கு அறுபது வயசுல மாலை போடாம மங்களம் பாடிட்டாங்க :-)

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். ஏன்னா இந்த ரயில் வந்த கதையைவிட, வராம இருந்த கதைதான் முக்கியம்.

1620ல தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் ஒப்பந்தம் ஆச்சு. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னமும் அந்த நாட்டு ஆவணக்காப்பகத்துல பத்திரமா இருக்கு. டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. மதில், கோட்டைவாசல், உள்ளே நேர் நேரா தெருக்கள்னு கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன ஐரோப்பிய ஊரே உருவாச்சு. 1706 ஜூலையில சீகன்பால்கு வந்து இறங்கினார். 1714, 15ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாச்சு. 1718ல அவர் கட்டின புதிய எருசலேம் கோயில் எழுந்தது. அடுத்த வருஷமே இறந்துட்டார், அந்தக் கோயிலுக்குள்ளதான் அடக்கம்.

1845ல டேனிஷ்காரங்களுக்குக் கட்டுப்படியாகலை. வங்காளத்துல இருந்த செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டாங்க. இன்னிக்கு அந்தப் பணத்துக்கு எங்க பக்கத்துல ஒரு வீட்டுமனை வாங்க முடிஞ்சா அதிர்ஷ்டம்.

வாங்கின ஆங்கிலேயருக்கு இந்த ஊர் பெரிசா தேவைப்படலை. தெற்கே கொஞ்ச தூரத்துல நாகப்பட்டினம் துறைமுகம் இருந்தது. முதல் ரயிலை அங்கேதான் போட்டாங்க. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861ல நாகப்பட்டினத்துலேர்ந்து தஞ்சாவூருக்கும், அடுத்த வருஷம் திருச்சிக்கும் வண்டி விட்டது. அவ்வளவுதான், சரக்கெல்லாம் நாகப்பட்டினம் பக்கம் ஓடிடுச்சு. கப்பல்காரன் எங்கே போவான்? கரைக்குப் பக்கத்துலயே வேகன் நிக்கிற ஊருக்குத்தான். தரங்கம்பாடி வியாபாரம் படுத்துடுச்சு. 1870களோட கடைசியில மாயவரம் வழியா மெயின் லைன் வந்தது, அதுவும் இந்த ஊரைத் தொடலை.

நாகப்பட்டினம்காரங்களும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். ரயில் கொடுத்ததை ரயிலே எடுத்துக்கிச்சு. அங்கே இருந்த பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப் 1920களோட கடைசியில திருச்சி பொன்மலைக்குப் போயிடுச்சு. இன்னொரு தமாஷ், நாகப்பட்டினம் திருச்சி பாதையை முதல்ல போட்டது அகலப்பாதையா, அதாவது இன்னிக்கு இருக்கிற அதே ஐந்தரை அடி அகலத்துல. பிறகு 1870கள்ல சிக்கனம்னு சொல்லி மீட்டர் கேஜா குறுக்கினாங்க. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, ஐயய்யோ குறுகலா இருக்கேன்னு மறுபடி அகலமாக்கினாங்க. அப்பவே சும்மா விட்டிருக்கலாம் :-(

தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926ல. நாகப்பட்டினத்துக்கு வந்து 65 வருஷம் கழிச்சு. கப்பல் வர்ற காலமெல்லாம் முடிஞ்சாச்சு. துறைமுகத்துக்காக வரவேண்டிய ரயில், துறைமுகம் செத்தபிறகு வந்தது. அதனால அது முதல்லேர்ந்தே சரக்கு ரயில் ஆகலை, ஜனங்க ரயிலா ஆச்சு.

மாயவரத்துலேர்ந்து கிளம்பினா மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி. இந்த வரிசையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. ஆக்கூரும் செம்பனார்கோயிலும் பாடல் பெற்ற தலங்கள். திருக்கடையூர்ல அபிராமி. தில்லையாடி, தென்னாப்பிரிக்கப் போராட்டத்துல சிறைபோய் 1914ல உயிர்விட்ட வள்ளியம்மையோட பெற்றோர் ஊர். காந்தி இந்தியா திரும்பின 1915ம் வருஷமே தில்லையாடிக்கும் தரங்கம்பாடிக்கும் வந்தார், அப்போ இந்த ரயில் இல்லை. முப்பது கிலோமீட்டர்ல இத்தனை சமாச்சாரம் அடைச்ச கிளைப்பாதை தமிழ்நாட்டுல வேற இருக்கான்னு எனக்கு சந்தேகம்தான்.

எங்க நெய்வேலியில டெல்டாக்காரங்க நிறைய. அப்பாவோட வேலை பார்த்த ஒருத்தர் பொறையாறு பக்கம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி 1955ல ஆரம்பிச்சது இல்லையா, அவர் அங்கே படிச்சவர். சீசன் டிக்கெட்டுல தினம் அந்த வண்டியிலதான் போவாராம். சின்னப் பையனா இருக்கும்போது அவர் சொல்லிக் கேட்ட ஒண்ணு மறக்கலை. "வண்டி லேட்டாப் போனா எல்லா வாத்தியாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க தம்பி, ஏன்னா பாதி வாத்தியார் அதே வண்டியிலதான் இருப்பாங்க." காய்கறிக் கூடை, மீன் கூடை, வயல்வேலைக்குப் போறவங்க, கோர்ட்டு கேசுக்கு மாயவரம் போறவங்க... கரி எஞ்சின், மரப்பெஞ்சு, நாலைஞ்சு பெட்டி. ஜன்னல்ல உட்கார்ந்தா கண்ணுல கரித்தூள். சட்டைக் காலர் சாயங்காலம் கருப்பாகித்தான் வீடு வரும்னு சொல்வார். அதுக்கப்புறம் நெய்வேலிக்கு வேலைக்கு வந்து இன்னும் கருப்பாச்சுன்னு அவரே சிரிப்பார்.

அப்புறம் ஏன் மூடினாங்க?

முதல் காரணம் பஸ். மாயவரம் பொறையாறு ரோடு ரயில் பாதையை ஒட்டியே போகுது. ரயில் நாளைக்குச் சில தடவை, பஸ் நினைச்ச நேரம். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, பஸ் கடைத்தெருவுல. இரண்டாவது, இது முட்டுச்சந்துப் பாதை. தரங்கம்பாடியோட முடிஞ்சது, அதுக்கு மேல எங்கேயும் போகாது. எஞ்சினைத் திருப்பிக் கட்டி, வந்த வழியே வரணும். சரக்கு வருமானம் இல்லை. ஸ்டேஷன், கேட், தண்டவாளப் பராமரிப்பு எல்லாத்துக்கும் சம்பளம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். லாபமில்லாத கிளைப்பாதைகளை என்ன செய்யலாம்னு ஆராய 1969லயே ஒரு குழு போட்டாங்க. அந்தக் காலத்துலேர்ந்தே இந்த மாதிரிப் பாதைகள் எல்லாம் கத்திமுனையிலதான் ஓடிக்கிட்டிருந்தது.

இங்கிலாந்துலயும் இதேதான். 1963ல டாக்டர் பீச்சிங்னு ஒருத்தர் அறிக்கை கொடுத்தார். ஐயாயிரம் மைல் பாதையை மூடு, இரண்டாயிரத்துக்கு மேல ஸ்டேஷனை இழுத்துப் பூட்டுன்னார். அந்த ஊர் சின்னச் சின்ன நகரங்கள்ல இன்னமும் அவர் பேரைச் சொன்னா பெரியவங்க பல்லைக் கடிப்பாங்க. ஆனா ஒரு வித்தியாசம், அங்கே நிறைய இடத்துல பழைய ரயில் பாதையை அப்படியே நடைபாதையாவும் சைக்கிள் பாதையாவும் மாத்திட்டாங்க. ஸ்டேஷன் டீக்கடையாகியிருக்கும், ஆனா ஸ்டேஷனா இருந்ததுன்னு தெரியும். தண்டவாளம் போனாலும் வழி போகலை. இங்கே தண்டவாளத்தோட வழியும் போயிடுது. முதல்ல இரும்பை ஏலம் விடுவாங்க. அப்புறம் ஜல்லி காணாமப் போகும். அப்புறம் மேட்டுமேல ஒரு கொட்டகை, அது வீடாகும், பட்டா கேட்பாங்க. வாய்க்கால் மேல நிக்கிற சின்னப் பாலம்தான் கடைசி சாட்சி. அதை யாரும் தூக்கிக்கிட்டுப் போக முடியாதே.

இப்போ எனக்கு வயித்தெரிச்சலான இடம். பாதையை மூடினது 1986ல. எல்லா மீட்டர் கேஜையும் அகலமாக்குவோம்னு ரயில்வே 'யூனிகேஜ்' திட்டத்தை ஆரம்பிச்சது 1992ல. இடையில ஆறே வருஷம்! 1992ல அந்தப் பாதையில ஒரே ஒரு ஓட்டை வண்டி ஓடிக்கிட்டிருந்தாக்கூட, பட்டியல்ல பேர் வந்திருக்கும். பத்து வருஷமோ இருபது வருஷமோ காத்திருந்து அகலமாகியிருக்கும்.

கற்பனையாச் சொல்லலை. போடி பாதையைப் பாருங்க. மதுரையிலேர்ந்து போடிநாயக்கனூர், அதுவும் முட்டுச்சந்துதான், அதுவும் மீட்டர் கேஜ்தான். ஆனா அது 2010 வரைக்கும் எப்படியோ ஓடிக்கிட்டிருந்தது. அகலப்பாதைக்காக நிறுத்தினாங்க, தேனிக்காரங்க பன்னிரண்டு வருஷம் கத்தினாங்க, 2022ல தேனிக்கும் 2023 ஜூன்ல போடிக்கும் வண்டி வந்துடுச்சு. உயிரோட இருந்த பாதைக்கு வைத்தியம் பண்ணினாங்க. செத்த பாதையை எழுப்பறதுக்குப் புதுப்பாதைன்னு பேர். புதுசா சர்வே, புதுசா நிலம், புதுசா லாப நஷ்டக் கணக்கு. அந்தக் கணக்குல கிளைப்பாதைகள் எப்பவும் ஃபெயில்தான்.

எழுப்பவே முடியாதுன்னும் இல்லை. பக்கத்துலயே உதாரணம் இருக்கு. பல வருஷம் ரயிலே இல்லாம கிடந்த மன்னார்குடிக்கு 2011ல நீடாமங்கலத்துலேர்ந்து மறுபடி பாதை போட்டு, சென்னைக்கு நேர் வண்டியே விட்டாங்க. திருத்துறைப்பூண்டியிலேர்ந்து வேதாரண்யம் வழியா அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரல்ல திறந்தாங்க. ஒரு காலத்துல அதுக்கும் தெற்கே கோடியக்கரை வரைக்கும் வண்டி போச்சு, அந்தக் கடைசித் துண்டு திரும்பி வரலை.

எல்லாத்தையும்விட சுவாரஸ்யம் காரைக்கால். தரங்கம்பாடிக்குத் தெற்கே அடுத்த பெரிய ஊர். பிரெஞ்சுக்காரங்க காலத்துல 1898ல பேரளத்துலேர்ந்து காரைக்காலுக்குப் பாதை போட்டாங்க, 23 கிலோமீட்டர் சொச்சம். திருநள்ளாறு வழியா. அதையும் இதே எண்பதுகள்லதான் மூடினாங்க. இரட்டைப் பிள்ளைங்க மாதிரி ரெண்டு பாதை, ஒண்ணு டேனிஷ் ஊருக்கு, ஒண்ணு பிரெஞ்சு ஊருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயம் கண்ணை மூடிச்சு. ஆனா காரைக்கால்ல 2009ல தனியார் துறைமுகம் வந்தது. கப்பல்ல நிலக்கரி வந்து இறங்க ஆரம்பிச்சது. 2011லயே நாகூர் பக்கத்துலேர்ந்து காரைக்காலுக்கு ரயில் வந்துடுச்சு. பேரளம் பாதையையும் அகலப்பாதையா மறுபடி போட்டு, 2025ல சோதனை ஓட்டம் வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க. சனீஸ்வரன் அருள்னு பக்தர்கள் சொல்லலாம். நான் நெய்வேலிக்காரன், எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கரி இருந்தா ரயில் வரும்.

தரங்கம்பாடியில கரி இல்லை. கட்டிடங்கள்தான் இருக்கு.

அந்தக் கட்டிடங்க மிஞ்சினதுக்குக் காரணமே வியாபாரம் போனதுதான்னு எனக்குப் படுது. காசு புரண்டிருந்தா எப்பவோ இடிச்சுட்டு காம்ப்ளெக்ஸ் கட்டியிருப்பாங்க. நாகப்பட்டினத்துல டச்சுக்காரங்க ஊர் எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு தேடிப் பாருங்க, புரியும். தரங்கம்பாடியில இடிக்கக்கூட யாருக்கும் காசில்லை. அதனால வேற வேற வேஷம் கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணும் பிழைச்சுது. கோட்டை ரொம்ப காலம் பயணியர் விடுதியா இருந்தது, அதிகாரிங்க வந்து தங்குவாங்க. 1978ல தொல்லியல் துறை கைக்கு வந்து அருங்காட்சியகம் ஆச்சு. கலெக்டர் பங்களா கடற்கரை ஓட்டல் ஆச்சு. ராஜா வீதியில ரேலிங்னு ஒரு டேனிஷ் அதிகாரியோட மாளிகை கன்னியர் மடம் ஆச்சு. டேனிஷ் கவர்னர் பங்களா இடிஞ்சு விழற நிலைமையில இருந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் நம்ம சுற்றுலாத் துறையும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தினாங்க. சுனாமிக்கப்புறம் இன்டாக் ஆளுங்க சின்னச் சின்ன திண்ணை வீடுகளைக்கூட பழைய மாதிரியே சரி பண்ணிக் கொடுத்தாங்க. எனக்கு மாளிகைங்களைவிட அந்தத் திண்ணை வீடுங்கதான் பிடிச்சது. கடலோரத்துல 1306ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டின மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. பல வருஷம் பாதிக் கோயிலா நின்னது. இப்போ திருப்பணி செஞ்சு பளிச்சுனு இருக்கு. அந்தப் பாதிக் கோயிலை ஃபோட்டோவுல பார்த்தவங்களுக்கு இது கொஞ்சம் ஒட்டாது. ஆனா கும்பிடறவங்களுக்கு இடிபாடு எதுக்கு? அவங்களுக்குத் தேவை கோயில்.

இத்தனையையும் காப்பாத்தினவங்க யாரும் ரயில்வே ஸ்டேஷனைக் காப்பாத்தணும்னு நினைக்கலை. டேனிஷ் கட்டிடத்துக்கு டென்மார்க் வந்தது. பாண்டியன் கோயிலுக்கு பக்தர்கள் வந்தாங்க. 1926ல போட்ட மீட்டர் கேஜ் ஸ்டேஷனுக்கு யார் வருவா? முந்நூறு வருஷம் ஆகியிருந்தா வரலாறு, அறுபது வருஷம்னா பழைய இரும்பு. ஆனா அந்தப் பக்கத்து ஜனங்க வாழ்க்கையில கோட்டையைவிட அந்த ரயிலுக்குத்தான் இடம் அதிகம். கோட்டைக்குள்ள போய் யார் பி.எஸ்சி. படிச்சா?

இதை எழுதும்போது எங்க ஊர் ஞாபகம் வராம இல்லை. முதல் அனல் மின் நிலையத்துக்கும் வயசு கிட்டத்தட்ட அறுபதுதான், 58ல நிறுத்தினாங்க. அங்கே மூணு ஷிப்டும் பார்த்தவங்க நிறைய பேர் இப்போ விருத்தாசலம், வடலூர், கடலூர்னு சொந்த வீடு கட்டிப் போயிட்டாங்க. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பலதும் பூட்டிக்கிடக்கு. அந்த நிலையத்துல ஒரு கண்ட்ரோல் ரூம், ஒரு ரஷ்ய டர்பைன், ஏதாவது ஒண்ணை அருங்காட்சியகமா வச்சா நல்லாயிருக்கும். யாரும் டென்மார்க்கிலேர்ந்து வரப்போறதில்லை, மாஸ்கோவிலேர்ந்தும் வரப்போறதில்லை. நாமதான் கேட்கணும்.

மாயவரம் தரங்கம்பாடி பாதையை மறுபடி போடணும், அப்படியே காரைக்காலோட இணைக்கணும்னு அந்தப் பக்கத்துல கோரிக்கை ரொம்ப வருஷமா இருக்கு. இணைச்சா முட்டுச்சந்துங்கிற பழைய நோய் தீர்ந்துடும். அறுபதாம் கல்யாணத்துக்கு வேன் பிடிச்சு வர்ற கூட்டத்தைப் பார்த்தா டிக்கெட் விக்காதுன்னு சொல்ல முடியாது. 2020 டிசம்பர்லேர்ந்து மயிலாடுதுறை தனி மாவட்டம் வேற. வருமா? ஆக்கிரமிப்பையும் நிலத்து விலையையும் பார்த்தா, நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். 1986ல அந்த வண்டியில பள்ளிக்கூடம் போன பசங்களுக்கே இப்போ ஐம்பது தாண்டியாச்சு. கல்லூரி போன எங்க பொறையாறு மாமா இப்போ இல்லை. மாயவரம், செம்பனார்கோயில், ஆக்கூர்ப் பக்கத்து ஆளுங்க இங்கே நிறைய பேர் எழுதறீங்க. வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. காலை வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டி, டிக்கெட் என்ன விலை, ஸ்டேஷன் மாஸ்டர் தோட்டத்துல என்ன மரம் இருந்தது, கடைசி வண்டி போன அன்னிக்கு யாராவது மாலை போட்டாங்களா? பெட்டி அடியில ஒரு பழைய அட்டை டிக்கெட் கிடைச்சாலும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. தரங்கம்பாடி ஸ்டேஷன் பேர்ப்பலகை முன்னாடி நின்னு எடுத்த குடும்ப ஃபோட்டோ யார்கிட்டயாவது கட்டாயம் இருக்கும்.